எஞ்சின் பழுதா, ஆலையின் பிழையா?

தமிழ்நாட்டில் அதைக் குட்டி யானை என்கிறோம். வட மாநிலங்களில் சோட்டா ஹாத்தி என்கிறார்கள். 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் என்னும் சிறு சரக்கு வண்டி விற்பனைக்கு வந்த பின்னர் மக்கள் தாமாகச் சூட்டிய பெயர் இது. மொழி வேறாயினும் உவமை ஒன்றாகவே இருக்கிறது. யானை வைத்திருப்பவனுக்கு அது பெருமை மட்டுமன்று, பிழைப்பும் ஆகும் என்பதை இரு மொழியினரும் ஒருங்கே உணர்ந்திருந்தனர் போலும்.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் தொழில் செய்யும் நம்மவரில் பலருக்கு இத்தகைய சிறு வண்டியோ, அதனினும் சற்றுப் பெரிய பிக்-அப் வண்டியோ வாழ்க்கைக்கு ஆதாரம். விடியற்காலையில் வாஷி சந்தையில் காய்கறி ஏற்றி, தாராவியிலும் மாட்டுங்காவிலும் இறக்கும் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். வண்டி வாங்கி ஓராண்டும் நிறையவில்லை. ஒரு நாள் எஞ்சினின் அடியிலிருந்து மெல்லத் தட்டும் ஓசை எழுகிறது. வேகம் கூடும்போது ஓசையும் கூடுகிறது. பட்டறைக்குப் போனால், ‘அதிகப் பாரம் ஏற்றியிருப்பீர்கள், எண்ணெயை நேரத்தில் மாற்றியிருக்க மாட்டீர்கள்’ என்கிறார்கள். அவரோ, ‘நான் ஒரு குறையும் வைக்கவில்லை, ஆலையிலிருந்து வரும்போதே எஞ்சின் சரியில்லை’ என்கிறார். வண்டி நிற்கிறது, மாதத் தவணை நிற்பதில்லை.

இவ்விருவரில் யார் சொல்வது மெய்? அதை அறிவது எப்படி? அறிந்தபின் செய்ய வேண்டுவது யாது? இம்மூன்று வினாக்களையே இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலில் எஞ்சினுக்குள் நிகழ்வதைச் சற்றுப் பார்ப்போம். உருளைகளில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்களின் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் என்னும் வளைதண்டு. பிஸ்டனையும் இத்தண்டையும் இணைப்பது கனெக்டிங் ராடு. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று என்றால், வளைதண்டு ஒரு நொடியில் ஐம்பது முறை சுழல்கிறது. இவ்வளவு விரைவில் இரும்பு இரும்போடு நேரே உராயுமானால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஆதலால் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே எண்ணெயாலான மெல்லிய படலம் ஒன்று எப்பொழுதும் நிற்குமாறு அமைத்திருக்கிறார்கள். தண்டு உண்மையில் பேரிங்கின் மேல் சுழலவில்லை. எண்ணெயின் மேல் மிதந்து சுழல்கிறது.

அந்தப் படலத்துக்காக விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே. நம் தலைமயிரின் தடிப்பும் ஏறக்குறைய அவ்வளவே. அந்த இடைவெளிக்குள் கடைசல் வேலையில் சீவப்பட்ட உலோகத் துணுக்கு ஒன்று புகுந்துவிட்டால் அது பேரிங்கைக் கீறும். வளைதண்டின் மேற்பரப்பு சற்றே சொரசொரப்பாக இருந்தால் எண்ணெய்ப் படலம் அறுபடும். எண்ணெய் செல்லும் துளையில் கசடு தங்கினால், அந்தப் பேரிங் மட்டும் தாகத்தால் தவித்துத் தேயும். இவை எவையும் புது வண்டியை ஓட்டிப் பார்க்கும் அன்று தெரிவதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகே முதலில் ஓசையாகவும், பின்னர் எண்ணெய் அழுத்தக் குறைவாகவும், இறுதியில் எஞ்சினே இறுகி நிற்பதாகவும் வெளிப்படும். ஆலையில் நேர்ந்த பிழைக்கும் அது தெரியவரும் நாளுக்கும் இடையே உள்ள இந்தக் கால இடைவெளியே உரிமையாளரின் துன்பத்துக்கெல்லாம் தோற்றுவாய். அந்த இடைவெளியில் வண்டி அவர் கையில் இருந்தது. ஆகவே பழியும் எளிதில் அவர் மேல் விழுகிறது.

பெயர்பெற்ற ஆலைகளிலும் இப்படி நேருமா என்று சிலர் கேட்பார்கள். நேர்ந்திருக்கிறது என்பதற்கு அமெரிக்க நாட்டில் அண்மையில் நடந்த இரு நிகழ்ச்சிகள் சான்று. அந்நாட்டில் பிக்-அப் வண்டி மிகப் பெரிய வாணிபம். டொயோட்டா நிறுவனம் 2022, 2023 மாதிரி ஆண்டுகளின் டண்ட்ரா பிக்-அப் வண்டிகளையும், அதே எஞ்சின் பொருத்திய லெக்சஸ் வண்டிகள் சிலவற்றையும் 2024 மே மாதத்தில் திரும்ப அழைத்தது. எண்ணிக்கை சுமார் 1,02,000. காரணம், கடைசல் வேலையின்போது உண்டான துணுக்குகள் முற்றிலும் துடைத்தகற்றப்படாமல் எஞ்சினுக்குள்ளேயே தங்கியிருக்கலாம் என்பது. தட்டும் ஓசை, நடுக்கத்துடன் ஓடுதல், எஞ்சின் கிளம்பாமை, ஓடும்போதே விசை இழத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். இதற்குப் பரிகாரமாக எஞ்சினையே மாற்றித் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2025 நவம்பரில் மேலும் சுமார் 1,27,000 வண்டிகளுக்கு அந்த அழைப்பு விரிந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துடையது. 6.2 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு உருளை எஞ்சின் பொருத்தி, 2021 முதல் 2024 வரையிலான மாதிரி ஆண்டுகளில் வெளிவந்த பிக்-அப் வண்டிகளும் பெரிய பயண வண்டிகளும் 2025 ஏப்ரலில் திரும்ப அழைக்கப்பட்டன. உலகெங்கும் சுமார் 7,21,000 வண்டிகள். அவற்றுள் அமெரிக்காவில் மட்டும் 5,97,630. கனெக்டிங் ராடிலும் வளைதண்டின் எண்ணெய் வழிகளிலும் கசடு தங்கியமை ஒரு காரணம். வளைதண்டின் அளவும் மேற்பரப்பும் குறித்த நிர்ணயத்துக்கு உட்படாமை மற்றொரு காரணம். அந்நிறுவனம் தன் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, இதனோடு தொடர்புடையவையாக இருக்கக்கூடிய முறையீடுகளும் நிகழ்ச்சிகளும் அமெரிக்காவில் 28,102 என்று கண்டது. அவற்றுள் சரிபாதிக்கு மேற்பட்டவை ஓடும்போதே விசை அற்றுப்போனதைப் பற்றியவை.

இதற்கு அவர்கள் கண்ட பரிகாரமும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு வண்டியும் சோதிக்கப்படும். சோதனையில் தவறினால் எஞ்சின் பழுதுபார்க்கப்படும் அல்லது மாற்றப்படும். தேறினால், முன்பு சொல்லப்பட்ட மெல்லிய எண்ணெய்க்குப் பதில் சற்றுத் தடித்த எண்ணெய் இடப்படும். தடித்த எண்ணெயின் படலம் கனமானது; உராய்வைத் தாங்கும் ஆற்றல் அதற்கு மிகுதி. எனினும், சோதனையில் தேறிய வண்டிக்குச் சொந்தக்காரர், ‘இன்று தேறியது நாளைக்கும் தேறுமா’ என்று கவலைப்படுவது இயல்பே. மனத்தில் ஒருமுறை புகுந்த ஐயம் எண்ணெய் மாற்றுவதால் மட்டும் நீங்குவதன்று.

நம் நாட்டிலும் இத்தகைய அழைப்புகள் உண்டு. மகிந்திரா நிறுவனம் 2020 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை செய்யப்பட்ட 29,878 பிக்-அப் வண்டிகளை 2021-இல் சோதனைக்கு அழைத்தது. திரவம் செல்லும் குழாய் ஒன்று சரிவரப் பொருத்தப்படாமல் இருக்கலாம் என்பது காரணம். அதே ஆண்டு, நாசிக் ஆலையில் 2021 ஜூன் 21 முதல் ஜூலை 2 வரை செய்யப்பட்ட 600-க்கும் குறைந்த டீசல் வண்டிகளையும் அந்நிறுவனம் அழைத்தது. ஆலைக்கு வந்த எரிபொருள் மாசுபட்டிருந்தமையால் எஞ்சின் உறுப்புகள் அரிக்கப்பட்டிருக்கலாம் என்பதே அதற்குக் காரணம். வடிவமைப்பில் பிழையில்லை, கடைசலில் பிழையில்லை, பொருத்தியவர் கையிலும் பிழையில்லை. ஊற்றிய டீசலில் இருந்தது பிழை. தரம் என்பது எத்தனை கண்ணிகள் கொண்ட சங்கிலி என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இந்நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் பொதுவான ஒன்றைக் காணலாம். ஆலையின் பிழை தனி வண்டியில் தோன்றுவதில்லை; குறித்த நாள் முதல் குறித்த நாள் வரை செய்யப்பட்ட ஒரு தொகுதியில் தோன்றுகிறது. ஆகவே உங்கள் வண்டி எந்த மாதம் செய்யப்பட்டது, அதன் சேசிஸ் எண் யாது என்பவை முதன்மையான செய்திகள். அதே காலத்தில் செய்யப்பட்ட பிற வண்டிகளிலும் அதே கோளாறு காணப்பட்டால் ஆலையின் பிழை என்று கருத வலுவான இடம் உண்டு. உங்கள் வண்டியில் மட்டும் காணப்பட்டால், நம் பக்கத்துக் காரணங்களையும் நாம் நேர்மையுடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அக்காரணங்களும் இல்லாமல் இல்லை. அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் ஏற்றுவதும், எண்ணெயின் அளவைப் பாராமல் ஓடுவதும், மலிவு கருதிப் போலி எண்ணெயும் போலி வடிகட்டியும் இடுவதும், வெப்பமானி சிவப்பைத் தொட்ட பின்னும் ‘இன்னும் இரண்டு கல்தானே’ என்று ஓட்டுவதும் நல்ல எஞ்சினையும் கெடுத்துவிடும். மற்றொன்றும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளை ஒட்டி, புதிய டீசல் வண்டிகளின் புகைப்போக்கியில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறிச் சிறிது தொலைவு சீராக ஓடினால்தான் அதில் தங்கிய கரி எரிந்து தீரும். நெரிசலான நகரில் அரைக் கல் ஓடி நின்று, மறுபடி அரைக் கல் ஓடும் சரக்கு வண்டிக்கு அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, இழுவிசை குறைகிறது. உரிமையாளர் எஞ்சின் போய்விட்டது என்று அஞ்சுகிறார். உண்மையில் எஞ்சின் நன்றாகவே இருக்கக்கூடும். விளக்கு எரிந்தவுடன் கையேட்டில் சொல்லியவாறு நெடுஞ்சாலையில் சீராக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கவனியாது விட்டால்தான் செலவு.

ஆனால் எண்ணெய் அழுத்த விளக்கு எரிவது அத்தகையதன்று. அது எரிந்தால் அக்கணமே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். வடித்த பழைய எண்ணெயில் மினுமினுக்கும் உலோகப் பொடி தென்பட்டால் பேரிங் தேய்கிறது என்பது பொருள். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் குளிர்நீர் அதில் கலந்திருக்கிறது. நீலப்புகை எழுந்தால் எண்ணெய் எரிகிறது. இவற்றைக் கண்ட நாளையும், வண்டி அன்று ஓடியிருந்த கிலோமீட்டரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். முடிந்தால் அந்த எண்ணெயில் சிறிது சுத்தமான புட்டியில் எடுத்து மூடி வைப்பதும் நன்று.

இனி, சட்டம் நமக்கு அளிக்கும் துணையைப் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு உற்பத்தியாளருக்கு ஆணையிட மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. செய்து ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளைப் பற்றியவை அவை. ஆயின், ஓட்டுநருக்கோ, பயணிகளுக்கோ, சாலையில் செல்லும் பிறருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு நேரக்கூடிய குறைபாடாக அது இருத்தல் வேண்டும். அன்றியும், ஒரு குறிப்பிட்ட விகிதத்தினராவது முறையிட்டிருந்தால்தான் அந்த ஏற்பாடு முறையாக இயங்கத் தொடங்கும். இதன் உட்பொருளைக் கவனியுங்கள். ஆயிரம் பேருக்கு ஒரே பழுது நேர்ந்தும் ஒவ்வொருவரும் பட்டறைக்காரரோடு வாதாடிவிட்டு, கைப்பணம் கொடுத்துச் சரிசெய்துகொண்டு போனால், சட்டத்தின் கண்ணுக்கு அப்படியொரு பழுதே இல்லை. அமெரிக்காவில் 28,102 என்று எண்ண முடிந்ததற்குக் காரணம், நடந்தவை பதிவேட்டில் ஏறியிருந்தமையே.

அடுத்தது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2019-இல் இயற்றப்பட்ட இன்றைய சட்டம், வாணிப நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. இதைக் கேட்டுவிட்டு, ‘சரக்கு வண்டி வாணிபத்துக்குத்தானே, எனக்கு அங்கே இடமில்லை’ என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். அது பிழை. சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வாணிப நோக்கத்தில் அடங்காது என்று சட்டமே விளக்கம் தருகிறது. இதே விளக்கம் பழைய சட்டத்திலும் இருந்தது. அதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1995-இல் அளித்த தீர்ப்பு ஒன்றில், ஆட்டோ ரிக்ஷா வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரும், லாரி வாங்கித் தானே ஓட்டிச் சரக்கு ஏற்றுபவரும் நுகர்வோரே என்று எடுத்துக்காட்டுடன் கூறியது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதாலும் அந்த உரிமை போய்விடாது. பத்து வண்டிகளுக்கு ஆள் வைத்து நடத்தும் நிறுவனத்தின் நிலை வேறு. ஒரு வண்டியோடு தானும் உழைப்பவரின் நிலை வேறு.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இச்சட்டத்தில் தனிப்பட்ட வசதி ஒன்றும் இருக்கிறது. வண்டியை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். சேலத்தில் வாங்கிய வண்டிக்காகச் சூரத்திலிருந்து சேலத்துக்கு அலைய வேண்டுவதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து ஈராண்டுக்குள் முறையிட்டாக வேண்டும். அதற்கு முன்பாக 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம்.

ஆணையத்துக்குப் போனவுடன் புது வண்டி கிடைத்துவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. மாற்றக்கூடிய உறுப்பு ஒன்றில்தான் குறை என்றால், வண்டி முழுவதையும் மாற்றித் தருமாறு ஆணையிடுவது முறையன்று என உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. குறை இருக்கிறது என்பதையும் வாய்ச்சொல்லால் நிறுவ முடியாது. தேர்ந்த பொறியியலாளரின் சோதனை அறிக்கை பெரும்பாலும் வேண்டியிருக்கும். அதனால்தான் எஞ்சினைக் கண்ட பட்டறையில் கழற்ற விடாதீர்கள் என்று சொல்வது. ஒருமுறை வெளியில் கழற்றிவிட்டால் சான்றும் கலைந்துவிடும்; உத்தரவாதமும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

இப்பொழுது வாஷி சந்தைக்குச் செல்லும் நம் நண்பரிடம் திரும்புவோம். அவர் செய்ய வேண்டுவன சிலவே. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் வண்டியை விடும்போது ஜாப் கார்டு எழுதுவார்கள். பெரும்பாலும் அது அவருக்குப் பழக்கமில்லாத எழுத்தில் இருக்கும். படித்துச் சொல்லச் செய்யாமல் கையெழுத்திடக் கூடாது. ‘எஞ்சினில் தட்டும் ஓசை, எண்ணெய் விளக்கு எரிந்தது’ என்று அவர் சொன்ன குறையே அதில் இருத்தல் வேண்டும்; ‘பொதுச் சோதனை’ என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்ல வேண்டும். வண்டியை விட்ட நாளும் திரும்பப் பெற்ற நாளும் அதில் குறிக்கப்பட வேண்டும். வண்டி எத்தனை நாள் வேலையற்று நின்றது என்பதற்கு அதுவே சான்று. எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு ரசீதையும் ஒரே உறையில் சேர்த்து வைக்க வேண்டும். பட்டறையில் தீராவிட்டால் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்து மூலம் முறையிட்டு, அதன் படியை வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றோடு, நம்மவர் பெரும்பாலும் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்போது, தன் ஏட்டில் உள்ள முகவரிக்கும் தொலைபேசி எண்ணுக்குமே செய்தி அனுப்பும். நாம் மும்பையிலிருந்து புனேக்கும், புனேயிலிருந்து ஐதராபாத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கிறோம். அழைப்போ ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் கதவிடுக்கில் கிடக்கும். குடியிருப்பு மாறினால் முப்பது நாளுக்குள் பதிவுச் சான்றில் முகவரியை மாற்றக் கேட்க வேண்டும் என்பது சட்டம். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டி இருக்குமானால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பதும் சட்டம். இவற்றை வீண் அலைச்சல் என்று தள்ளிவிட்டால், நமக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டிய எஞ்சின் நம்மைத் தேடி வழி தெரியாமல் நின்றுவிடும். முகவரியை மாற்றுவதோடு, ஆண்டுக்கு இருமுறையேனும் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, தம் வண்டிக்கு ஏதேனும் அழைப்பு உண்டா என்று பட்டறையில் கேட்டுக்கொள்வதும் நல்ல வழக்கம்.

புதிய ஊரில், புதிய மொழியில், தனி ஆளாய் நின்று ஒரு பெரிய நிறுவனத்தோடு வாதிடுவது எளிதன்று. குரலை உயர்த்தினால் ‘வெளியூர்க்காரன்’ என்பார்கள்; தாழ்த்தினால் கேட்கமாட்டார்கள். உறையில் அடுக்கி வைத்த ரசீதுகளுக்கோ ஊரும் இல்லை, உச்சரிப்பும் இல்லை. அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் இன்னும் நால்வரைத் தேடிப் பேசிப் பாருங்கள். அவர்கள் மராத்தியராகவோ குஜராத்தியராகவோ இருக்கலாம். அவர்கள் எஞ்சினிலும் எழும் ஓசை ஒன்றே. ஐவரும் தத்தம் முறையீட்டை எழுதிப் பதிவு செய்தால், அந்த ஓசை பட்டறையின் நான்கு சுவருக்குள் அடங்கிப்போகாது.